கும்பகோணத்துல ரூம் போடுற மாதிரி நாஃப்பிலியோல ரூம் போடுங்க: டெல்டாக்காரங்க கிரீஸ் கடலோரம் சுத்த ஒரு வழி

நவக்கிரகக் கோயில் ஒம்பதும் பாக்கணும்னா நாம என்ன பண்ணுவோம், கும்பகோணத்துல ஒரு ரூம் போட்டு பைய வச்சிட்டு காலைல ஒரு பக்கம் சாயங்காலம் ஒரு பக்கம்னு போய்ட்டு ராத்திரி அதே ரூமுக்கு வந்து படுப்போம், தெனம் ஒரு ஊர்ல பொட்டிய தூக்கிட்டு அலைய மாட்டோம்ல. கிரீஸுக்கும் அதே கணக்குதான். இத ஒண்ண சொல்லத்தான் இவ்ளோ எழுதுறேன்.

நாங்க அஞ்சு பேரு, அப்பா அம்மா அக்கா அத்தான் நான், மயிலாடுதுறைல இருந்து கெளம்பினோம். ட்ராவல்ஸ்ல கேட்டப்ப ஏதென்ஸ், மிக்கோனோஸ், சாண்டோரினி, க்ரீட்னு ஏழு நாளைக்குள்ள எல்லாத்தையும் சொருகி ஒரு பிளான் குடுத்தாங்க, கணக்கு போட்டுப் பாத்தா பாதி நாள் துறைமுகத்துல பொட்டி மேல உக்காந்திருக்கிறதுலயே போயிடும். அப்பாவுக்கு முட்டி வலி. அம்மாவுக்கு பஸ்ல சீர்காழி தாண்டறதுக்குள்ள தலைசுத்தல் வந்துடும், அவங்கள கப்பல்ல ஏத்தி அஞ்சாறு மணி நேரம் கொண்டு போறதா? அதனால தூரத்து தீவெல்லாம் வெட்டிட்டு நிலத்துல இருக்கிற கடலோர ஊர் ஒண்ண புடிச்சோம், அதுதான் நாஃப்பிலியோ.

ஏதென்ஸ்ல இருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பஸ்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம். கிரீஸ் தனி நாடானப்ப மொத தலைநகரம் ஏதென்ஸ் இல்ல, இந்த ஊருதான், 1829ல இருந்து 1834 வரைக்கும். இங்க ஒக்காந்துக்கிட்டா மைசீனே, டிரின்ஸ், எபிடாரஸ்னு பழைய காலத்து இடங்க, டோலோ பீச் எல்லாமே காலைல போய்ட்டு சாயங்காலம் திரும்புற தூரம், கொரிந்து ஏதென்ஸ் போற வழிலயே வந்துடும். நாலு ராத்திரி இங்க, மூணு ராத்திரி ஏதென்ஸ்ல. அவ்ளோதான் பிளான்.

எப்ப போறதுன்னா, நமக்குன்னே அமைஞ்ச மாதிரி மே மாசம் இருக்கு. மேட்டூர் ஜூன் 12 தெறப்பாங்க, அதுக்கு முன்னாடி வயல்ல பெருசா வேலை இல்ல, பசங்களுக்கும் லீவு, அங்கயும் வெயில் ஏறாத நேரம். ஜூலை ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். 40 டிகிரி போச்சுன்னா ஏதென்ஸ்ல மலை மேல பழைய கோயிலெல்லாம் இருக்கிற அக்ரோபோலிஸையே மத்தியான நேரத்துல மூடிடுறாங்க, அது மட்டுமில்லாம அந்த ரெண்டு மாசமும் ஏஜியன் கடல்ல வடக்க இருந்து மெல்டெமின்னு ஒரு காத்து, அதாவது நம்ம ஆடிக்காத்துதான், அது அடிச்சா ஃபெர்ரிய நிறுத்திடுவாங்க. ஆகஸ்ட் 15 அங்க மாதா திருநாள், வேளாங்கண்ணி கொடியேத்தம் அன்னிக்கு நாகப்பட்டினம் ரோடு எப்டி இருக்கும்னு தெரியும்ல, அப்டி. மே 1ம் தேதி மட்டும் ஜாக்கிரதை, பழைய இடம் எல்லாத்துக்கும் அன்னிக்கு லீவு. ஈஸ்டரும் அவங்களுக்குத் தனி தேதி, 2027ல மே 2ம் தேதி வருது, அந்த வாரத்துல போய் மாட்டிக்காதீங்க.

விசா. ஷெங்கன் விசாதான், அதாவது ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா, பெரியவங்களுக்கு 90 யூரோ, சென்டர் சார்ஜ் தனி. கெளம்புறதுக்கு ஆறு மாசத்துக்கு முன்னாடில இருந்து போடலாம், குறைஞ்சது 15 நாள் முன்னாடி போட்டே ஆகணும், ஆனா 15 நாள நம்பி உக்காராதீங்க, ரெண்டு மாசம் கைல வச்சுக்கங்க. 30,000 யூரோவுக்கு குறையாத மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டாயம். நம்ம பக்கத்து சிக்கல் என்னன்னா விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அப்பா வாழ்க்கைல ரிட்டர்ன் ஃபைல் பண்ணதே இல்ல. நான் ஸ்பான்சர் லெட்டர் குடுத்து என்னோட பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள சீட்டு வச்சேன், அப்பா பேர்ல சிட்டா அடங்கல இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்கி வச்சோம், நெலம் இருக்கு நடவுக்கு ஊருக்குத் திரும்பி வந்துடுவாருன்னு அதுவே சொல்லிடும். இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, ரேகை. நாப்பது வருஷம் மண்வெட்டி புடிச்ச கை, ரேஷன் கடை மெஷின்லயே அப்பாவுக்கு விரல் விழாது, சென்னை விசா சென்டர்ல நாலு தடவ வச்சும் விழல, அந்தப் பொண்ணு ஈரத்துணில தொடச்சு தொடச்சு எடுத்துச்சு. ஒரு வாரம் முன்னாடில இருந்தே ராத்திரி விரல்ல தேங்காண்ண தடவிட்டு படுக்கச் சொல்லுங்க. இப்ப 2025 அக்டோபர் 12ல இருந்து ஐரோப்பா பார்டர்லயும் போட்டோ எடுத்துப் பதிய ஆரம்பிச்சிட்டாங்க, விசாவுக்குக் குடுத்த ரேகைய புதுசா பதிய மாட்டாங்க, ஆனா சரி பாக்க விரல் வைக்கச் சொல்லலாம், ஆக மறுபடி அதே கூத்து.

மூட்டை கட்டும்போது அம்மாகிட்ட சண்டை வரும், வரட்டும். ஐரோப்பாவுக்குள்ள பால் சாமான் கறி சாமான் வெளில இருந்து கொண்டு போகக் கூடாது, அதனால நெய், பால்கோவா எல்லாம் வீட்லயே இருக்கட்டும். பச்சை இலை காய் பழத்துக்கும் சான்றிதழ் கேப்பாங்க, கறிவேப்பிலை கொத்து, கும்பகோணம் வெத்தல, ரெண்டும் போகாது. வெத்தல இல்லாம ஒரு வாரமான்னு அம்மா மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டாங்க. வாழைப்பழம், தேங்கா, அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன் இந்த அஞ்சுக்கு மட்டும் சான்றிதழ் வேண்டாம், இந்தப் பட்டியல யாரு போட்டாங்களோ தெரியல, ஆனா வாழைப்பழம் எடுத்துட்டுப் போன ஒரே ஆளு எங்க அம்மாவாத்தான் இருக்கும். பருப்புப்பொடி, எண்ணெய்ல பண்ண புளிக்காய்ச்சல், ஒரு சின்ன ரைஸ் குக்கர், இது போதும். இருமல் மருந்து, வலி மாத்திரைல கோடீன் இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம எடுத்துட்டுப் போகாதீங்க, அங்க அது கண்ட்ரோல்ல இருக்கிற மருந்து. டாய்லெட்ல தண்ணி பைப் இருக்காது, பேப்பரையும் உள்ள போடக் கூடாது, பைப் சின்னது அடைச்சிக்கும், பக்கத்துல கூடை இருக்கும் அதுலதான் போடணும். ஒரு காலி பாட்டில் வச்சுக்கங்க, புரியும்.

ஏதென்ஸ் ஏர்போர்ட் வாசல்ல எக்ஸ் 93 நம்பர் பஸ் நிக்கும், அது நேரா கிஃபிசோஸ் பஸ் ஸ்டாண்டுக்கு போகும், நாஃப்பிலியோ இருக்கிற பெலோபொனீஸ் பக்கம் போற வெளியூர் பஸ்லாம் அங்கதான். பஸ்ஸுக்கு பேரு கேடெல். மாவட்டத்துக்கு ஒரு கேடெல் தனித்தனியா, நம்ம கும்பகோணம் கோட்டம் விழுப்புரம் கோட்டம் மாதிரி. ஒரு கேடெல் டைம் டேபிள இன்னொரு கேடெல்ல கேட்டா தெரியாதுன்னுடுவாங்க, அதுவும் நம்ம ஊரு மாதிரியேதான். போர்டு கிரேக்க எழுத்துல இருக்கும், பயப்படாதீங்க, நம்ம ப-வ கவுத்துப் போட்டா அவங்க ப, சத்தமும் அதே ப தான். இங்கிலீஷ் பி மாதிரி தெரியிறது ர. இந்த ரெண்டு தெரிஞ்சாலே நாஃப்பிலியோ போர்டையும் பிரேயஸ் துறைமுகத்து போர்டையும் எழுத்துக் கூட்டிப் படிச்சிடலாம், ரெண்டாம் நாளே அத்தான் படிக்க ஆரம்பிச்சிட்டாரு.

நாஃப்பிலியோல இறங்கின உடனே எதிர்ல மலை மேல கோட்டை தெரியும், பாலமிடி. 999 படின்னு சொல்லுவாங்க, எண்ணினவங்க அதைவிட கம்மியாத்தான் சொல்றாங்க, எப்டி இருந்தாலும் முட்டி வலிக்காரங்களுக்கு ஆகாது, பின்னாடி ரோடு இருக்கு டாக்சில மேல போய்டலாம். வெனிஸ்காரன் 1711ல ஆரம்பிச்சு 1714ல கட்டி முடிச்சான், 1715ல துருக்கிக்காரன் புடிச்சிட்டான், ஒரு வருஷம் கூட நிம்மதியா ஆளல பாவம். கடலுக்கு நடுவுல புர்ட்சின்னு ஒரு குட்டிக் கோட்டை, படகுல போலாம், கரைல உக்காந்து பாத்தாலே போதும்னு எனக்குத் தோணுச்சு. தரங்கம்பாடில டேனிஷ்காரன் கோட்டை முன்னாடி சாயங்காலம் உக்காருவோமே, அதே சொகம், என்ன, இங்க சுண்டல் இல்ல.

இப்ப எபிடாரஸ். இதுக்கு ஒரு முழு நாள் வைங்க, ஆனா மொதல்ல பேர்ல ஏமாறாதீங்க. மலைக்கு உள்ளார பெரிய தியேட்டர், சினிமா தியேட்டர் இல்ல, பழைய காலத்து கல்லு நாடக மேடை, அது இருக்கிற இடம் ஒண்ணு, கடற்கரைல பழைய எபிடாரஸ்னு கிராமம் ஒண்ணு, புது எபிடாரஸ்னு இன்னொண்ணு. நான் மேப்ல பேரப் பாத்துட்டு எல்லாரையும் கடற்கரை ஊர்ல இறக்கிட்டேன், அங்கயும் ஒரு சின்ன தியேட்டர் இருக்கா, இதுதான் போல சின்னதா இருக்கேன்னு அரை மணி நேரம் போட்டோ எடுத்துட்டு இருந்தோம், அப்புறம் அங்க ஒரு பாட்டி சிரிச்சிட்டு அது மலைக்கு அந்தப் பக்கம்னு கைய காட்டுச்சு, டாக்சிக்கு தனியா அழுதோம். பஸ்ல ஏறும்போதே டிரைவர்கிட்ட அஸ்கிலிப்பியோ, தியேட்டர்னு ரெண்டு வார்த்தையும் சேர்த்து கேளுங்க.

அது வெறும் தியேட்டர் இல்ல, வைத்தீஸ்வரன் கோயில். நெஜமாத்தான். அஸ்கிலிப்பியஸ்னு வைத்தியத்துக்குன்னே ஒரு சாமி, நோயாளிங்க எங்கெங்கயோ இருந்து வந்து குளிச்சு காணிக்கை குடுத்துட்டு ஒரு மண்டபத்துல படுத்துத் தூங்குவாங்க, கனவுல சாமி வந்து வைத்தியம் பாக்கும், குணமான கதைய கல்லுல வெட்டி வச்சிருக்காங்க, அந்தக் கல்லெல்லாம் இன்னும் இருக்கு. நாம திருச்சாந்து உருண்டை வாங்கிட்டு வர்றோம், அவங்க கனவு வாங்கிட்டுப் போயிருக்காங்க. வந்தவங்களுக்கு பொழுது போகவும் சாமிக்கு திருவிழா நடத்தவும் கட்டினதுதான் அந்த தியேட்டர், கி.மு. நாலாம் நூற்றாண்டு, 55 வரிசை, பதினாலாயிரம் பேர் வரைக்கும் உக்காரலாம். நான் உச்சி வரிசைக்கு ஏறிட்டேன். கீழ நடுவுல வட்டமா ஒரு கல்லு பதிச்சிருக்கும், அங்க நின்னு அம்மா சத்தமே போடாம, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேசுற மாதிரி, "எறங்கி வாடா தம்பி, மயக்கம் வந்துடப் போவுது"ன்னாங்க. காதுக்குள்ள சொன்ன மாதிரி கேட்டுச்சு. அத்தான் ஒரு பேப்பர கிழிச்சாரு, அதுவும் கேட்டுச்சு. அடுத்த நிமிஷம் ஸ்கூல் புள்ளைங்க பஸ் ஒண்ணு வந்து எறங்குச்சு, அதோட முடிஞ்சுது கச்சேரி. அதனாலதான் சொல்றேன், காலைல எட்டு மணிக்கு கேட் தெறக்கும்போதே நில்லுங்க.

தப்பா எறங்கின கடற்கரை ஊருக்கு மறுநாள் வேணும்னே போனோம். அங்க ஆரஞ்சுத் தோட்டத்துக்கு அந்தாண்ட ஒரு கூழாங்கல் பீச், தண்ணிக்குள்ள ஒரு அம்பது மீட்டர் நீந்தினா ரோமானியர் காலத்து வீடு ஒண்ணு முழுகிக் கெடக்கு, ரெண்டு மீட்டர் ஆழம்தான், கண்ணாடி மாஸ்க் போட்டு மேல மிதந்துக்கிட்டே பாக்கலாம். செவரு தெரியுது, ரூம் ரூமா தெரியுது, நம்ம நெல்லு கொட்டுற குதிர் மாதிரி பெரிய பெரிய சாடி அடிப்பக்கம் வட்ட வட்டமா தெரியுது, அதுக்குள்ள மீன் போய்ட்டு வருது. நான் வாய்க்கால்ல நீச்சல் கத்துக்கிட்டவன், கடல்ல இப்டி மொகத்த கவுத்து மிதந்ததே இல்ல. கரைக்கு வந்து சொன்னப்ப அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம், "பூம்புகார்லயும் இப்டித்தான் உள்ள கெடக்கும்னு எங்க தாத்தா சொல்லுவாரு, ஆனா ஒரு கல்லக் கூட காட்டுனவன் கெடையாது"ன்னாரு. நம்ம கடல் காவிரியும் கொள்ளிடமும் மண்ண கொண்டாந்து கொட்ற கடல், கலங்கித்தான் இருக்கும். சிலப்பதிகாரத்துல புகார்ல யவனர் இருக்கைன்னு வருதே, அவங்க ஊரு இந்தப் பக்கம்தான்னு அக்கா சொன்னா, அப்பா அதுக்கும் ஒண்ணும் சொல்லல.

நீச்சல் தெரியாதவங்க மாஸ்க் போட்டாலும் இறங்காதீங்க, கயாக் வாடகைக்கு கிடைக்கும், மேல இருந்தே பாத்துடலாம். பொதுவா அந்தக் கடல்ல அலை கம்மி, ஏத்தம் வத்தம் ரொம்ப இல்ல, உப்பு நம்ம கடல விட ஜாஸ்திங்கிறதால மிதக்கிறது சுலபம். ஆனா மே மாசத் தண்ணி ஜில்லுனு இருக்கும், பல எடத்துல நாலு அடி வச்சா ஆழம். கூழாங்கல்லு கால குத்தும், ரப்பர் செருப்பு மாதிரி தண்ணில போடுற ஷூ விக்கிறாங்க வாங்கிடுங்க, பாறைல கறுப்பா முள்ளுப் பந்து மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், மிதிச்சா முள்ளு உள்ளயே உடையும். டோலோல மணல் பீச், ஆழமும் கம்மி, குடும்பத்தோட போறவங்களுக்கு அதுதான் சரி. குடை போட்ட சாய்வு நாற்காலிக்கு காசு, ஆனா கடற்கரை பொது இடம், தள்ளி துண்டு விரிச்சா யாரும் கேக்க மாட்டாங்க. அம்மா சுடிதாரோட எறங்கினாங்க. திரும்பிக் கூட யாரும் பாக்கல.

மைசீனே ஒரு காலைப்பொழுது போதும். நேர் பஸ் கம்மி, சில பஸ் ஃபிக்தின்னு மெயின் ரோட்டு கிராமத்துல எறக்கி விட்டுடும், அங்கிருந்து மூணு நாலு கிலோமீட்டர் நிழலே இல்லாத ரோடு, வயசானவங்க இருந்தா நாஃப்பிலியோல இருந்தே டாக்சி பேசிக்கங்க. சிங்க வாசல் கி.மு. 1250 வாக்குல வச்சது, ரெண்டு சிங்கத்துக்கும் தலை இல்ல. கொஞ்சம் தள்ளி ஏட்ரியஸ் கருவூலம்னு ஒரு கல்லறை, தேன்கூடு மாதிரி கூம்பா கட்டினது, அதோட வாசல் மேல கெடக்கிற கல்லு மட்டும் ஏறக்குறைய 120 டன். அப்பா அண்ணாந்து பாத்துட்டு பெரிய கோயில் உச்சிக்கல்லு 80 டன்னு சொல்லுவாங்களே அத விட பெருசான்னு கேட்டாரு, ஆமாம்பா, ராஜராஜனுக்கு ரெண்டாயிரத்தி எரநூறு வருஷம் முன்னாடின்னேன், "அது மேல ஏறிடுச்சு, இது கீழதான கெடக்கு"ன்னு முடிச்சிட்டாரு. 1876ல இங்க தோண்டினப்ப கிடைச்ச தங்க முகமூடி ஏதென்ஸ் தேசிய மியூசியத்துல இருக்கு, இங்க தேடாதீங்க.

கொரிந்துல ஏழு ஒத்தைக்கல் தூணோட அப்போலோ கோயில். அம்மா பழக்க தோஷத்துல செருப்ப கழட்டிட்டாங்க, காவலுக்கு நின்ன பொம்பள ஓடி வந்து போடுங்க போடுங்கன்னு ஜாடை, கல்லு அவ்ளோ சூடு. இங்க மியூசியத்துல களிமண்ணுல செஞ்ச கை, கால், காதெல்லாம் அடுக்கி வச்சிருக்கு, குணமானவங்க சாமிக்கு குடுத்தது, வேளாங்கண்ணி கடைத்தெருல வெள்ளித் தகட்டுல விக்கிறாங்களே அதேதான். சர்ச்சுக்குள்ளயும் செருப்போடதான் போறாங்க, தோளும் முட்டியும் மூடியிருந்தா போதும்.

சாப்பாடு பத்தி பயம் வேண்டாம். கெமிஸ்தான்னு தக்காளி குடைமிளகாய்க்குள்ள அரிசி அடைச்சு வேக வைப்பாங்க, ஃபாவான்னு மஞ்சப் பருப்பு மசியல், அம்மா அதுல பருப்புப்பொடி வேற போட்டு சாப்ட்டாங்க, ஹோர்த்தான்னு வேக வச்ச கீரைல எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும், கிகாந்தெஸ்னு பெரிய மொச்சை மாதிரி ஒண்ணு. சைவம்னு சொன்னா புரியலன்னா நிஸ்திசிமோன்னு கேளுங்க, அவங்க விரதச் சாப்பாடு, கறி முட்டை பால் எதுவும் இருக்காது. ஆனா அந்த விரதத்துல எறால், கணவாய், ஆக்டோபஸ் சாப்பிடலாம்! அதனால தட்டு வந்ததும் கிண்டிப் பாத்துட்டு வாய்ல வைங்க. காபி கேட்டா மண்டியோட குடுப்பாங்க, கலக்காதீங்க, கடைசி வாய் விட்டுடுங்க, டிகிரி காபி ஞாபகமே வராம இருக்கிறது நல்லது.

கை ஜாடைல மட்டும் கவனமா இருக்கணும். டோலோ பஸ்ல அப்பா அஞ்சு டிக்கெட்னு சொல்ல உள்ளங்கைய விரிச்சு கண்டக்டர் மூஞ்சிக்கு நேரா நீட்டிட்டாரு, அந்த ஆளு மூஞ்சி செவந்து போச்சு. அங்க அது ரொம்ப மோசமான வசவு, மூட்சான்னு பேரு. நம்ம சாமியெல்லாம் அபயம் காட்டுற கைதான், என்ன பண்றது. அத்தான் சிக்னோமி சிக்னோமின்னு மன்னிப்பு கேட்டு சமாளிச்சாரு. விரல மடக்கி எண்ணிக் காட்டுங்க, இல்ல புறங்கைய காட்டுங்க. அவங்க பாஷைல "நே"ன்னா ஆமா, "ஓஹி"ன்னா இல்ல. தலைய மேல தூக்கி "ட்ச்"னு நாக்க தட்டினா அதுவும் இல்லதான், நம்ம "ப்ச்" மாதிரி.

ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ் டிக்கெட் நேரம் போட்டுத்தான் குடுக்கிறாங்க, 2025 ஏப்ரல்ல இருந்து 30 யூரோ, பழைய இடங்களுக்கு சேர்த்து வாங்குற கூட்டு டிக்கெட்ட எடுத்துட்டாங்க, பழைய வீடியோ பாத்துட்டு கேக்காதீங்க. மொத ஸ்லாட் எட்டு மணி, அதையே போடுங்க, பளிங்குக் கல்லு தேஞ்சு வழவழன்னு கெடக்கு, புடி இருக்கிற ஷூ வேணும். ஒரு சாயங்காலம் சூனியோன், 70 கிலோமீட்டர், கடலோரமாவே பஸ் போகும், பாறை முனைல கடல் சாமி பொசைடன் கோயில், சூரியன் கடல்ல விழுறத அங்க பாக்கணும், நம்ம பக்கம் கடல்ல உதிக்கிறதத்தான் பாக்க முடியும்ல. திரும்பி வர்ற கடைசி பஸ் நேரத்த இறங்கும்போதே டிரைவர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க.

தீவு ஒண்ணாவது பாக்கணும்னு அக்கா அடம் புடிச்சா, பிரேயஸ் துறைமுகத்துல இருந்து ஏஜினாவுக்கு போனோம், வேகப் படகுல முக்கா மணி நேரம், பெரிய ஃபெர்ரில ஒண்ணேகால் மணி நேரம். பெருசு ஆடாது, அம்மாவ அதுலதான் ஏத்தினோம், இஞ்சி முரப்பா ஒண்ணு வாய்ல போட்டுட்டு நடுவுல உக்காந்துக்கிட்டாங்க, வாந்தி இல்ல. அங்க அஃபாயா கோயில், கி.மு. 500 வாக்குல, காட்டு மேட்டுல, கூட்டமே இல்ல. பிஸ்தா அந்த ஊர்ல வெளையிறது, ரெண்டு கிலோ வாங்கினோம். எந்த தீவுக்குப் போனாலும் கடைசி ராத்திரி மட்டும் ஏதென்ஸ்லயே தங்குங்க, காத்து அடிச்சு ஃபெர்ரி நின்னா ஃபிளைட்டும் போச்சு. ஆலிவ் எண்ணெய் டப்பா வாங்கினா பெரிய பொட்டில வைங்க, கைப்பைல விட மாட்டாங்க. அம்மா அந்த எண்ணெய்ல முருங்கக்கீரை வதக்கினாங்க, அப்பா ரெண்டு வாய் சாப்ட்டுட்டு நல்லெண்ணெய எடுடின்னுட்டாரு, மிச்சம் இன்னும் அடுப்பு மேடைலதான் இருக்கு.